இது ஒருசந்தி இல்லை

தங்கையன் இறந்துபோனதாகச் சலோமி சான்றிதழ் கொடுத்த மூன்றாம் நாள், தங்கையனே அதை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார்.

"மேடம், செத்தது எங்கப்பா. நான் மனு குடுத்தவன்," என்று சொல்லித் தாளை மேசையில் வைத்தார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சலோமிக்குத் தாங்கவில்லை.

காரைக்கால் பக்கத்துக் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகம் ஒன்றில், பிறப்பு இறப்புப் பிரிவில் அவளுக்குப் பதினேழு வருட வேலை. அவள் கையால் ஏறிய பெயரில் ஓர் எழுத்துப் பிசகாது என்று பேர் வாங்கியவள். அந்தச் சான்றிதழ் விவரத்தை மதியம் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே கண் செருகியிருக்கிறது. இறந்தவர் பெயர் வரவேண்டிய இடத்தில் மகன் பெயர் ஏறிவிட்டது. ஏற்றியது அவளுக்கு நினைவே இல்லை. இரண்டு வருடமாக இப்படித்தான். பஸ்ஸில் தூங்கினாள், சோறு போட்ட தட்டின் முன்னால் தூங்கினாள். பெருத்த உடம்புக்குத் தூக்கம் அதிகம் என்று மற்றவர்கள் சிரித்தார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறாள்.

அன்று சிரிக்கவில்லை. தங்கையனிடம் மன்னிப்புக் கேட்டு, திருத்தத்துக்கு எழுதிவைத்துவிட்டு, அந்த வாரமே லீவு போட்டுத் தஞ்சாவூருக்கு ரயில் ஏறினாள்.

அங்கே ஒரு தனியார் மருத்துவமனையில், மூக்கில் குழாயும் விரலில் கிளிப்புமாகத் தூங்கவைத்துச் சோதித்தார்கள். தூக்கத்தில் மணிக்கு ஐம்பத்திரண்டு தடவை அவளுக்கு மூச்சு நின்று நின்று வந்தது. எடை நூற்றி இருபத்தாறு கிலோ, உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் ஏற்கெனவே இருந்தன. இப்போதைக்குத் தூங்கும்போது மாட்டிக்கொள்ள ஒரு மூச்சு மெஷின் எழுதிக் கொடுத்தார்கள். பிறகு அறுவைச் சிகிச்சை செய்யும் டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் ஒரு தாளில் இரைப்பையை வரைந்து காட்டினார். முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைப்பழத் தடிமனுக்குக் குழாய்போல விட்டுவிடுவார்கள்.

"சின்ன விஷயம் இல்ல. யோசிச்சுச் சொல்லுங்க," என்றார்.

"யோசிச்சுட்டேன்," என்றாள் சலோமி.

உண்மையில் பத்து வருடமாக யோசித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆறு முறை எடையைக் குறைத்திருக்கிறாள். கொள்ளுக் கஞ்சி, சோறில்லாத மூன்று மாதம், கடற்கரைச் சாலையில் விடியற்கால நடை, யாரோ விற்ற பவுடர். ஒரு முறை பதினெட்டு கிலோ குறைந்து, அலுவலகத்தில் எல்லோரும் பாராட்டி, அடுத்த வருடம் இருபத்திரண்டு கிலோ ஏறியது. ஏறியபோது, 'வாய அடக்க முடியல பாரு' என்றார்கள். அந்த ஒன்றரை வருடத்தில் அவள் வாயை அடக்கியதைப்போல அவர்களில் ஒருவரும் ஒரு வாரம்கூட அடக்கியிருக்க மாட்டார்கள் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

கணவன் பிலோமின்ராஜுக்குக் கோட்டுச்சேரிக் கடைத்தெருவில் பட்டறை. திருவேட்டக்குடி மீனவர்களின் படகு எஞ்சின்கள் அவனிடம்தான் பழுதுபார்க்க வரும். வேலைக்கு நன்றி சொல்கிறவர்கள் கொடுவாவோ இறாலோ கொண்டுவந்து தருவார்கள். அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, சலோமி சமைத்து, அவள் சாப்பிடுவதைப் பார்ப்பதில் அவனுக்கு ஒரு திருப்தி. இருபத்தோரு வருடத்தில் ஒரு நாளும் அவளைக் குண்டு என்று சொன்னதில்லை. அதனால் அவன் புரிந்துகொள்வான் என்றுதான் அவள் நினைத்தாள்.

பட்டறைக்கே போய்ச் சொன்னாள். அவன் கையில் ஸ்பேனர் இருந்தது. கேட்டு முடிக்கும்வரை அதைக் கீழே வைக்கவில்லை.

"எஞ்சினப் பிரிச்சா நான் திரும்பப் பூட்டிருவேன். வயித்தப் பிரிச்சா யாரு பூட்டுறது?"

"டாக்டர் பூட்டுவாரு."

"விமலாவுக்கும் அப்படித்தான் சொன்னாங்க."

விமலா அவன் தங்கை. இருபத்து நான்கு வயதில் குடல்வால் அறுவைக்கு உள்ளே போனவள் திரும்பி வரவில்லை. அதற்குமேல் அவன் அதைப் பற்றி என்றைக்கும் பேசியதில்லை.

"தூக்கத்துல எனக்கு மூச்சு நிக்குதுங்க," என்றாள் சலோமி.

"அதான் மெஷின் குடுத்திருக்காங்கல்ல. மாட்டிக்க. கத்தி வைக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

சலோமி வீட்டுக்கு வந்துவிட்டாள். அதன்பின் ஒரு மாதம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், எக்கோ, எண்டோஸ்கோபி என்று ஒன்றொன்றாக முடித்தாள். ஒவ்வொரு தடவையும் தனியாகப் போனாள், தனியாகத் திரும்பினாள். கடைசியாக மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டியிருந்தது. அவர் பெயர் கீர்த்திகா. சலோமியைவிட வயதில் இளையவர்.

"வீட்டுல யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டார்.

"எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் சரின்னுட்டாங்க."

"இன்னைக்குக் கூட யார் வந்திருக்காங்க?"

"அவருக்கு வேலை."

"போன தடவை?"

"அப்பவும் வேலைதான்."

கீர்த்திகா பேனாவை மூடினார். "வீட்டுக்காரருக்கு ஒரு போன் போட்டுக் குடுங்க. ரெண்டு வார்த்த பேசிட்டுத் தர்றேன்."

சலோமி கைப்பையைத் திறக்கவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது.

"எனக்கு நாப்பத்திரண்டு வயசு. என் வயிறு இது. யார்கிட்ட அனுமதி வாங்கணும்ங்கிறீங்க?"

"யார்கிட்டயும் வேண்டாம். கையெழுத்து நீங்க போட்டாப் போதும், அதான் சட்டம். ஆனா ஆபரேஷன் முடிஞ்சு ஒரு ஸ்பூன் தண்ணி குடிக்கவே கஷ்டப்படுவீங்க. இத ஏன் பண்ணிக்கிட்டோம்னு அழுவீங்க. அப்ப பக்கத்துல உங்களத் திட்டாம உக்காந்திருக்க ஒரு ஆள் வேணும். ஒரே ஒரு ஆள். பொய் சொல்லிட்டு வர்றவங்களுக்கு அந்த ஆள் இருக்க மாட்டாங்க."

கீர்த்திகா மறுபடி பேனாவைத் திறந்தார்.

"தேதி குறிச்சுக்கங்க. திரவ ஆகாரத்த ஆரம்பிச்சுருங்க. ஆபரேஷனுக்கு ஒரு வாரத்துக்கு முன்னாடி அந்த ஆளோட என்ன வந்து பாருங்க. தனியா வந்தா ஆபரேஷன் பண்ணலாம்னு நான் எழுதித் தர மாட்டேன்."

ஈஸ்டருக்கு அடுத்த புதன்கிழமை தேதி கிடைத்தது. கல்லீரலில் கொழுப்பு அதிகம் இருந்ததால், அது சுருங்க அதற்கு முன் மூன்று வாரம் வெறும் திரவம். மோர், வடிகட்டிய சூப், புரதப் பவுடர் கலந்த பால், தண்ணீர். அதற்குமேல் ஒரு பருக்கை கூடாது.

ரயிலில் திரும்பும்போது, மகளிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். ஜெனிட்டாவுக்கு இருபது வயது. காரைக்காலில் பி.காம் இரண்டாம் வருடம். அம்மாவின் முகம், அம்மாவின் கை, அம்மாவின் உடல்வாகு. எண்பத்தெட்டு கிலோ இருப்பாள். சொன்னதும் சந்தோஷப்படுவாள் என்று சலோமி எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் அவள் இப்படிக் கேட்பாள் என்று நினைக்கவில்லை.

"அப்ப நான் என்னம்மா பண்றது?"

"நீ என்ன பண்ணணும்?"

"ஸ்கூல்ல எவளாவது குண்டுன்னு சொன்னா, எங்கம்மாவும் குண்டுதான், அதுக்கென்னன்னு கேளுன்னு நீதான சொல்லிக் குடுத்த. அதச் சொல்லித்தான் இத்தன வருஷம் சண்ட போட்டேன். இப்ப நீ மட்டும் வெட்டி எறிஞ்சுட்டுப் போறேங்கிற."

"எனக்கு மூச்சு நிக்குது, ஜெனி."

"எல்லாரும் உடம்புக்காகன்னுதான் ஆரம்பிப்பாங்க. அப்புறம் எளச்ச பெறகு போட்டோ போடுவாங்க. முன்னாடி, பின்னாடின்னு. அந்த முன்னாடிப் போட்டோ மாதிரிதான் நான் இருப்பேன்."

மகள் சொன்னது முழுக்கத் தப்பும் இல்லை. "போட்டோ போட மாட்டேன்," என்று மட்டும் சொன்னாள். ஜெனிட்டா எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

திரவ ஆகாரம் ஆரம்பிக்க இன்னும் ஐந்து நாள் இருந்தது. அந்த ஐந்து நாளில் தனக்குப் பிடித்ததையெல்லாம் கடைசியாக ஒரு தடவை சாப்பிட்டுவிடுவது என்று சலோமி ஆரம்பித்தாள். முதல் நாள் நண்டு. இரண்டாம் நாள் கடைத்தெருப் புரோட்டா நாலு, சால்னாவோடு. மூன்றாம் நாள் இறால் தொக்கும் சோறும். ஈஸ்டருக்கு முந்திய நோன்பு நாட்களான தவக்காலம் என்பதால் ஆட்டுக்கறி எடுக்கவில்லை. நாலாம் நாள் அல்வாவை வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கும்போது அழுகை வந்தது. ருசியே தெரியவில்லை. ஏதோ செத்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவதுபோல இருந்தது. இனிமேல் ஒரு தட்டு நிறையப் போட்டுப் பிசைந்து சாப்பிட முடியாது, வாழ்நாள் முழுக்க முடியாது. சந்தோஷம் வந்தால், சண்டை வந்தால், மழை பெய்தால் அவள் செய்தது ஒன்றுதான். இரைப்பையை வெட்டிய பிறகு அந்த நேரத்துக்கெல்லாம் என்ன செய்வது? டாக்டர்கள் கொடுத்த காகிதத்தில் இதற்குப் பதில் இல்லை. மிச்ச அல்வாவைக் கொட்டிவிட்டு, ஒரு நாள் முன்னதாகவே மோருக்கு மாறினாள். அதனால் மொத்தம் இருபத்திரண்டு நாள்.

முதல் மூன்று நாள் தலைவலி. நாலாம் நாள் அலுவலகத்தில் யாரோ பிரித்த தயிர்சாதத்தின் வாசனைக்கு எழுந்து வராந்தாவுக்குப் போய் நின்றாள். ஆறாம் நாளுக்குப் பிறகு பசி கொஞ்சம் அடங்கியது. பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூன்று பந்துகள் இருக்கும் மூச்சுப் பயிற்சிக் கருவி ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். உறிஞ்சினால் பந்து மேலே ஏற வேண்டும். மயக்க மருந்துக்குப் பிறகு நுரையீரல் சுணங்காமலிருக்க அது. அதையும் அலுவலக மேசைமேலேயே வைத்து, மனு வாங்கும் இடைவெளிகளில் உறிஞ்சினாள். முதலில் ஒரு பந்து ஏறியது. இரண்டாவது வாரம் இரண்டு.

வீட்டிலும் வேலைகள் இருந்தன. முப்பது மில்லி அளவுக் குவளைகள் வாங்கினாள். சின்னத் தட்டுகள் வாங்கினாள். மாத்திரைகளை நொறுக்க ஒரு சின்ன உரல். சிலிண்டருக்கு யாருக்குப் போன் செய்வது, தண்ணீர் மோட்டாரை எப்போது போடுவது என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிச் சமையலறையில் தொங்கவிட்டாள். பிலோமின்ராஜ் அதைப் பார்ப்பான், படிக்காததுபோல நகர்ந்துவிடுவான்.

லீவுக் கடிதத்தைக் கண்காணிப்பாளர் திருஞானசம்பந்தத்திடம் நீட்டியபோது, அவர் கண்ணாடியை ஏற்றிப் படித்துவிட்டுத் தயங்கினார்.

"உடல் பருமன் அறுவைச் சிகிச்சைன்னு அப்படியே எழுதியிருக்கீங்களேம்மா. வயித்து ஆபரேஷன்னு போட்டாப் போதும். நாலு கை மாறிப் போற பேப்பர்."

"அதான சார் பண்ணிக்கப் போறேன்."

"ஆபத்தில்லையே?"

"எல்லா ஆபரேஷன்லயும் உள்ள ஆபத்துதான். ஒண்ணு ஆயிட்டா தஞ்சாவூர்லதான் பதிவாகும் சார். அங்க உள்ளவங்க என் பேர எப்படி எழுதுவாங்களோ. அதுக்காகவாவது திரும்பி வந்துர்றேன்."

திருஞானசம்பந்தம் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கையெழுத்துப் போட்டார்.

இதற்கிடையில், அவளுக்குத் தெரியாமலே தெருவில் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. தவக்காலத்தில் வெள்ளிக்கிழமைகளில் கறி மீன் தொடாமல் சுத்தபோசனம் இருப்பார்கள். பக்தி அதிகமுள்ளவர்கள் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி பிடிப்பார்கள். சலோமியோ நாள் தவறாமல் மோரும் சூப்புமாக இருக்கிறாள், கன்னம் வற்றியிருக்கிறது, சிலுவைப்பாதையில் முட்டி வலியோடு பதினாலு ஸ்தலத்துக்கும் நிற்கிறாள். பெண்கள் அவளைப் பார்த்துத் தலையசைத்தார்கள். கோயில் வாசலில் ஒருத்தி அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எதற்கென்று சலோமிக்குப் புரியவில்லை.

ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்னால் வரும் குருத்து ஞாயிறுக்கு முந்திய வெள்ளிக்கிழமை புரிந்தது. தெருவின் கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதம் ஒரு முறை கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டம், அந்த மாதம் அதன் தலைவி மரியபுஷ்பத்தின் வீட்டில். இருபது பேருக்குமேல் வந்திருந்தார்கள். ஜெனிட்டா வாசகம் வாசித்தாள். பிலோமின்ராஜ் ஆண்களோடு வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தான். வாசகம் முடிந்ததும் மரியபுஷ்பம் எழுந்தாள்.

"நாமெல்லாம் வெள்ளிக்கிழமை ஒரு மீன விட்டுட்டாலே பெரிசாப் பேசுறோம். நம்ம சலோமியப் பாருங்க. பத்து நாளைக்கு மேல தண்ணி ஆகாரம்தான். யார்கிட்டயும் சொல்லிக்கல. ஆண்டவருக்காக உடம்ப ஒறுக்குறதுன்னா அதான். சலோமி, எழுந்து ஒரு சாட்சி சொல்லும்மா."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் கைதட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். அத்தனை முகங்களிலும் அவள்மேல் மரியாதை இருந்தது. அப்படி ஒரு மரியாதையை அந்தத் தெருவில் அவள் அதுவரை பார்த்ததில்லை. ஒரு நன்றி சொல்லி உட்கார்ந்திருந்தால் அது அவளுக்கே நிலைத்திருக்கும்.

சலோமி நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தாள்.

"இது ஒருசந்தி இல்லக்கா," என்றாள். "ஈஸ்டர் முடிஞ்ச புதன்கிழமை எனக்கு ஆபரேஷன். இரைப்பைல முக்கால்வாசிய எடுக்கப் போறாங்க. ஒடம்பு எடை குறையறதுக்கு. அதுக்காகத்தான் இந்த மோரு."

மரியபுஷ்பத்தின் முகம் சுருங்கியது.

"கடவுள் குடுத்த ஒடம்ப எளைக்கிறதுக்காக வெட்டிக்கிறதா?"

"வாயக் கட்டினாப் போதுமே," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "அதான் இப்பக் கட்டியிருக்கேல்ல."

"கட்டியிருக்கேன். இதோட ஏழாவது தடவ," என்றாள் சலோமி. "ஆறு தடவையும் நீங்கதான் பாராட்டினீங்க. ஆறு தடவையும் திரும்ப ஏறுனப்ப நீங்கதான் பேசுனீங்க. குண்டா இருந்தா குறைக்கலன்னு சொன்னீங்க. குறைக்கப் போறேன்னா குறுக்கு வழின்னு சொல்றீங்க. ரெண்டு நிமிஷம் முன்னாடி கைதட்டுனீங்க. அதே மோருதான். ஆண்டவருக்காகன்னா நல்லது, எனக்காகன்னா தப்பா?"

"அப்படிச் சொல்லல சலோமி—"

"போன வருஷம் உங்க கர்ப்பப்பைய எடுத்தாங்கக்கா. அதுவும் கடவுள் குடுத்ததுதான். இதே கூடத்துல உக்காந்து நாங்க ஜெபமால சொன்னோம். எனக்கும் ஒரு ஜெபமால சொல்லுங்க. சொல்ல மனசில்லைன்னா விட்டுருங்க. நான் தூங்கும்போது மணிக்கு அம்பது தடவ எனக்கு மூச்சு நிக்குது. ஒரு தடவ நின்னது திரும்ப வரலைன்னா, என் எழவுக்கு நீங்க எல்லாரும் வந்து ஜெபமால சொல்வீங்க. அத இப்பயே சொல்லுங்கன்னுதான் கேக்குறேன்."

உட்கார்ந்தாள். கடைசியில் மரியபுஷ்பமே, வேறு வழியில்லாமல், முடிவு ஜெபத்தைத் தொடங்கினாள். ஜெபமாலை சொல்லவில்லை.

மூவரும் வீட்டுக்கு நடந்தார்கள். பிலோமின்ராஜ் பத்தடி முன்னால் போனான். ஜெனிட்டா அம்மாவின் நடைக்கு ஏற்ப மெதுவாக வந்தாள்.

"அம்பது தடவன்னு நீ என்கிட்டச் சொல்லல," என்றாள்.

"மூச்சு நிக்குதுன்னு சொன்னேன். நீதான் கேக்கல."

கொஞ்ச தூரம் போனதும், "அந்த டாக்டரப் பாக்க எப்பப் போகணும்?" என்று கேட்டாள்.

அடுத்த புதன்கிழமை இருவரும் தஞ்சாவூர் போனார்கள். கீர்த்திகா ஜெனிட்டாவைப் பார்த்து, "அம்மாவோட முடிவுல உங்களுக்குச் சம்மதமா?" என்றார்.

"சம்மதம் இல்ல," என்றாள் ஜெனிட்டா. "எனக்கு இன்னும் கோவம்தான். ஆனா கூட இருப்பேன். திட்ட மாட்டேன்."

"அது போதும்," என்று சொல்லி, கீர்த்திகா கையெழுத்துப் போட்டார்.

ஈஸ்டர் ஞாயிறு வந்தது. ஊர் முழுக்க நாற்பது நாள் நோன்பு முடிந்து கறி வாசனை அடித்தது. சலோமிக்கு மட்டும் நோன்பு முடியவில்லை. வீட்டில் எதுவும் வேண்டாம், மூவரும் மோரே குடிப்போம் என்றான் பிலோமின்ராஜ். சலோமி கேட்கவில்லை. அவளே கடைக்குப் போய்க் கறி வாங்கிவந்து பிரியாணி செய்தாள். உப்பு மட்டும் ஜெனிட்டா பார்த்துச் சொன்னாள்.

"எனக்காக யாரும் பட்டினி கெடக்க வேணாம். உக்காருங்க," என்று பரிமாறினாள்.

பிலோமின்ராஜ் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு இருந்தான்.

"விமலா சிரிச்சுக்கிட்டேதான் உள்ள போனா," என்றான். "அப்பா அன்னைக்கு ஊர்ல இல்ல. ஆஸ்பத்திரில பேப்பர நீட்டுனாங்க. நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

இருபத்தோரு வருடத்தில் சலோமி இதைக் கேட்டதில்லை. அவன் கையெழுத்துப் போட மாட்டேன் என்று பட்டறையில் சொன்னது அவளை மறுப்பதற்காகச் சொன்னதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அதற்காக அவள் மனம் மாறவில்லை.

"நீங்க போட வேணாம்," என்றாள். "நான் போட்டுக்கிறேன். எது நடந்தாலும் அது என் கையெழுத்து. உங்க தலைல ஏறாது. சாப்பிடுங்க."

செவ்வாய்க்கிழமை காலை காரைக்கால் ஸ்டேஷனுக்குப் பிலோமின்ராஜ் பையைத் தூக்கிவந்தான். வண்டியில் ஏறிப் பையைச் சீட்டுக்கடியில் தள்ளினான். மூச்சு மெஷினை ஜன்னல் ஓரம் பத்திரமாக வைத்தான். பிறகு எதிர்ச் சீட்டில் உட்கார்ந்தான். பட்டறைச் சட்டைதான் போட்டிருந்தான்.

"இறங்குங்கப்பா, வண்டி எடுக்கப் போறாங்க," என்றாள் ஜெனிட்டா.

"எடுக்கட்டும்."

"டிக்கெட் ரெண்டுதான் எடுத்திருக்கு."

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். வண்டி நகர்ந்துவிட்டது. நாகூரில் இறங்கி ஓடிப்போய் டிக்கெட் வாங்கிவந்தான்.

மருத்துவமனையில் சம்மதப் பத்திரம் ஆறு பக்கம் இருந்தது. ரத்தக் கசிவு, தையல் விடுவது, ரத்தம் கட்டுவது, உயிருக்கு ஆபத்து. சலோமி ஒவ்வொரு பக்கத்தையும் வரிவரியாகப் படித்தாள். அவள் பெயரில் 'லோ' குறிலாகி 'சலொமி' என்று இருந்தது. அதைத் திருத்தித் தரச் சொல்லி, திருத்திய பிறகுதான் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் காலை காலில் இறுக்கமான உறையைப் போட்டுவிட்டு ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவந்தார்கள். வாசல்வரை நடந்து வருகிறேன் என்றாள். நர்ஸ் யோசித்துவிட்டுச் சரி என்றாள். கதவருகில் பிலோமின்ராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவன் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. கெடுதல் ஒன்றும் நடக்கவில்லை.

ஆனால் மூன்றாம் நாள் கீர்த்திகா சொன்னதுபோலவே ஆனது. முப்பது மில்லி தண்ணீர் நெஞ்சில் நின்று வலித்தது. வாந்தி எடுத்தாள். ஜெனிட்டா பேசினைப் பிடித்தாள், முதுகைத் தடவினாள், ஒரு வார்த்தை திட்டவில்லை. 'எதுக்குடி இதப் பண்ணிக்கிட்டேன், நல்லாத்தான இருந்தேன்' என்று சலோமி தேம்பினாள். கீர்த்திகா பார்க்க வந்தபோதும் கண்ணில் நீர் நிற்கவில்லை.

"இது எல்லாருக்கும் வர்றதுதான். ஒரு வாரத்துல தெளியும்," என்றார் கீர்த்திகா.

"நான் அழுதேன்னு யார்கிட்டயும் சொல்லிராதீங்க," என்றாள் சலோமி. "ஒரு வாரத்துல நான் தெளிஞ்சுருவேன். அதுக்குள்ள ஊருக்குத் தெரிஞ்சா வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் காட்டுவாங்க."

ஒரு வாரம் ஆகவில்லை, பன்னிரண்டு நாள் ஆனது. அதற்குள் வீட்டுக்கு வந்திருந்தாள். குவளை குவளையாகக் குடித்தாள், கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தாள், மாத்திரைகளை நொறுக்கி விழுங்கினாள். எடை பதினோரு கிலோ இறங்கியிருந்தது. ஆனால் பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. நூற்றிப் பதினைந்து கிலோவும் பெரிய உடம்புதான்.

மூன்றாவது வாரம் ஒரு சாயங்காலம் மரியபுஷ்பம் வந்தாள். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிவந்திருந்தாள். உட்கார்ந்து சலோமியை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னம்மா, இவ்வளவு பண்ணியும் அப்படியேதான் இருக்க?"

சலோமி பதில் சொல்ல வாய் திறப்பதற்குள், காப்பி கொண்டுவந்த ஜெனிட்டா டம்ளரை மரியபுஷ்பத்தின் கையில் கொடுத்தாள்.

"அம்மா இருக்கணும்னுதான் ஆன்ட்டி ஆபரேஷன் பண்ணது," என்றாள்.

மரியபுஷ்பம் காப்பியை இரண்டு மிடறு குடித்தாள்.

"என் கர்ப்பப்பையப் பத்தி அத்தன பேருக்கு முன்னாடி நீ பேசியிருக்க வேணாம்," என்றாள் பிறகு.

"வேணாம்தான்," என்றாள் சலோமி. "அதுக்கு மன்னிச்சுக்கங்கக்கா. மத்ததுக்கு மன்னிப்புக் கேக்க மாட்டேன்."

மரியபுஷ்பம் டம்ளரைக் கீழே வைத்தாள். போகத்தான் எழுந்தாள் என்று சலோமி நினைத்தாள். ஆனால் நாற்காலியை இன்னும் கொஞ்சம் அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, வலி எங்கே இருக்கிறது, எப்படிப் படுக்கிறாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள்.